குசினியில் எரிந்த பல்பு

பலாபத்வல,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் மகளும் சுகம். உங்கள் சுகத்துக்கு முருகனை வேண்டுகிறேன். போனில் பேசினால் பாதியில் கத்துவீர்கள், நானும் கத்துவேன். அதனால்தான் எழுதி, லீவு முடிந்து கட்டாருக்குத் திரும்பும் அலுவிகாரை ஊர் நுஹ்மானிடம் கொடுத்தனுப்புகிறேன்.

மறியல் சிறைக்குப் போய் மாமாவைப் பார்த்தேன். பிரஷர் மாத்திரை கொடுத்தேன். சோறு இறங்கவில்லையாம். மகன் எப்போது வருவான் என்று உங்களைத்தான் கேட்டார். மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. மிளகு பழுத்துக் கொட்டுகிறது, பறிக்க யாரும் வருவதில்லை. லயத்து வீடுகளில் யாருக்கும் என்னோடு பேச்சும் இல்லை.

மரவள்ளிக் கொல்லையைச் சுற்றி மாமா பன்றிக்குக் கரண்ட் கம்பி இழுத்தது எல்லாருக்கும் தெரியும். இறைச்சி எல்லா வீட்டுக்கும் போனது, லயத்து மகேஸ்வரன் அண்ணன் வீட்டுக்கும்தான். சுவிட்சுக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு பல்பைப் போட்டால் கரண்ட் குறையும், ஆள் சாகாது என்று நீங்கள் போனில் சொன்னபடியே குசினியில் அடுப்புக்கு மேலே பல்பைத் தொங்கவிட்டார். அது எரிந்தால் கம்பியில் பன்றி என்று அர்த்தம்.

விடிந்ததும் சுவிட்சை நிறுத்துவதுதான் வழக்கம். அன்று மழையில் இருட்டு கலையவில்லை, நிறுத்தவில்லை. பல்பு சிவப்பாக மங்கி எரிந்தது. "பன்றி விழுந்திருச்சு புள்ள, சுடுதண்ணி வை" என்று சொல்லி மாமா கத்தியோடு போனார். நானும் பானையை ஏற்றினேன். தண்ணீர் கொதிக்கும்போதுதான் அவர் அலறியது கேட்டது. கம்பியில் கிடந்தது மகேஸ்வரன் அண்ணனின் மனைவி கமலாட்சி அக்கா. தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போகும் பாதை சரிந்திருந்ததால் நம் கொல்லை வழியாக இறங்கியிருக்கிறார். வழுக்குமென்று செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

பல்பு இருந்ததால் கம்பியால் சாகவில்லை, மாரடைப்பு என்று கோர்ட்டில் சொல்லச் சொல்கிறீர்கள். விஞ்ஞான டீச்சர் சொன்னால் நம்புவார்களாம். அத்தான், டீச்சர் என்பதால்தான் என் வாயில் அது வராது. பத்தாம் தரப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் கணக்கு இது. வோல்ட்டை ஓமால் வகுத்தால் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று தெரியும். நம் வீட்டுக் கரண்ட் 230 வோல்ட். உங்கள் பக்கம் சாய்ந்தே பல்பின் தடையை 500 ஓம் என்று வைக்கிறேன். வெறுங்காலோடு ஈர மண்ணில் நிற்கிற ஆளுக்கு ஆயிரம். மொத்தம் 1500. வகுத்துப் பாருங்கள், 0.15 ஆம்பியர். அதில் மூன்றில் ஒரு பங்கே நெஞ்சை நிறுத்தப் போதும். மாமா கம்பியைத் தொட்டுப் பார்த்து, சுருக்கென்றதோடு சரி என்று சிரித்தாரே, அது காய்ந்த கை, காலில் செருப்பு. தடை பல மடங்கு. அக்கா தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தார்.

வியாழக்கிழமை வழக்கு. உள்ளதைச் சொல்வேன். பல்பு யார் யோசனை என்று கேட்டால் அதையும் சொல்வேன். கோபப்படுங்கள், பரவாயில்லை. அதற்குமுன் மகேஸ்வரன் அண்ணனுக்கு நீங்களே போன் எடுங்கள். அவர் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், வைத்துவிடாதீர்கள்.

அங்கே நீங்களும் கரண்ட் வேலைதான் செய்கிறீர்கள். ஈரக் கையோடு எதையும் தொடாதீர்கள், வெறுங்காலோடு நிற்காதீர்கள். மகளுக்கு அப்பா வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் எனக்கு நீங்கள் வேண்டும்.

உங்கள் மனைவி,
அனுஷியா