மாமியாருக்கு வாசித்துக் காட்டிய கடிதங்கள்

உத்திரமேரூர்
12.6.1998

தங்கச்சி ஷாஹீதாவுக்கு, ஸலாம்.

இங்கே எல்லாரும் இருக்கிறோம். அப்பாவுக்கு முட்டி வலி, கடையில் உட்கார முடியவில்லை. நான் காலையில் சாலவாக்கம், சாயங்காலம் திருப்புலிவனம் என்று பம்புசெட் மோட்டாரைக் கழற்றி மாட்டியே ஓய்ந்துபோகிறேன்.

கான்பூருக்குப் போனதிலிருந்து உன் கடிதத்தில் விஷயமே இல்லை. "எல்லாரும் பாசமாக இருக்கிறார்கள்." இது என்ன, ரப்பர் ஸ்டாம்பா? உனக்கு ஆறாம் மாசம். தலைப்பிரசவம் நம் வீட்டில்தான் என்று நிக்காஹ் அன்றே பேசியாச்சு. எப்போது அனுப்புகிறார்கள்? நேராக எழுது. மச்சான் என்னோடு ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர், தெரிந்த ஆள். அவர்களும் உருது, நாமும் உருது, பாஷை ஒன்றுதானே என்றுதான் அவ்வளவு தூரம் கொடுத்தோம்.

அண்ணன்,
தௌசீப்


கான்பூர்
24.6.1998

அண்ணனுக்கு ஸலாம்.

பாஷை ஒண்ணு இல்லைண்ணா. நம்ம வூட்ல பேசறது உருதுன்னு இங்க யாருமே ஒத்துக்கல. வேணாம்ங்கறதுக்கு நான் "நக்கோ"ன்னு சொன்னா, நாத்தனார் பிள்ளைங்க அதையே சொல்லிக்கினு வீடெல்லாம் ஓடுதுங்க. அவர் நல்லவர்தான். ஆனா அவரும் சிரிக்கிறார். இப்பல்லாம் நான் தலையாட்டறதோட சரி.

கடிதத்துல விஷயம் இல்லைன்னு கேட்டிருந்தே. இங்க யாருக்கும் தமிழ் எழுத்து தெரியாது. அதனால வர்றதையும் போறதையும் மாமியாருக்கு நான் உருதுல வாசிச்சுக் காட்டணும். மொதல்ல ஆசையாக் கேட்டாங்க, இப்போ கட்டாயம். அதுக்குப் பயந்துதான் எதையும் எழுதாம இருந்தேன். நீ ரப்பர் ஸ்டாம்பான்னு திட்டினதை "மாமி உடம்பு எப்படி"ன்னு மாத்தி வாசிச்சேன். பிரசவத்தைப் பத்தி எழுதினதைத் தாண்டிட்டேன். இந்தக் கடிதத்துல குருமாவுக்குப் பக்குவம் கேட்டிருக்கேன்னு சொல்லப்போறேன்.

ஊருக்குப் போகவான்னு ஒரு தடவை கேட்டேன். "பிறக்கற பிள்ளை காதுல நல்ல பேச்சு விழட்டும், இங்கேயே பெத்துக்கோ"ன்னுட்டாங்க. ஆஸ்பத்திரியில எங்கே வலிக்குதுன்னு நான் சொன்னா நர்ஸுக்குப் புரியல. நாத்தனார் எடுத்துச் சொல்றாங்க. அவங்க சொல்றது என் வலியான்னு எனக்குத் தெரியல. பயமா கீதுண்ணா.

ஷாஹீதா


உத்திரமேரூர்
3.7.1998

ஷாஹீதாவுக்கு,

படித்தேன். அம்மாவிடம் காட்டவில்லை.

மாத்தி மாத்தி வாசிச்சா யாருக்கு என்ன தெரியும்? அங்கே நான் சதா உடம்பு விசாரிக்கிற ஆள். நீ குருமா கேட்கிற பொண்ணு. உனக்குப் பயம் என்று அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. அவர்களை மட்டும் குற்றம் சொல்லி என்ன பண்ண?

இதை ஒரு வார்த்தை விடாமல் வாசி:

மாமி, உங்கள் மருமகளுக்கு வலி வந்தால் சொல்ல வாய் வராது. சொன்னாலும் சிரிப்பீர்கள். இங்கே வந்தால் நர்ஸிடம் அவளே சொல்லிக்கொள்வாள். நிக்காஹ் அன்று ஒத்துக்கொண்டதைத்தான் கேட்கிறேன். 24-ஆம் தேதி நான் வருகிறேன். அனுப்பிவையுங்கள்.

தௌசீப்


கான்பூர்
14.7.1998

அண்ணனுக்கு,

அப்படியே வாசிச்சேன். நம்ம வூட்டுப் பேச்சுலயே வாசிச்சேன், திருத்தல. யாரும் சிரிக்கல. மாமியார் வெத்தலைப் பெட்டியை மூடி வெச்சுட்டு, "உங்கண்ணன் இதுவரைக்கும் இப்படி எழுதினதில்லையே"ன்னாங்க. எழுதினதெல்லாம் இப்படித்தான், நான்தான் மாத்தி வாசிச்சேன்னு சொல்லிட்டேன். அதோட என்கிட்டப் பேச்சை நிறுத்திட்டாங்க. அவர் சாப்பாட்டை மாடிக்கே கொண்டு வரச் சொல்றார். சிரிக்கறதும் நின்னுபோச்சு.

நேத்து மாமியாரே வந்து, போயிட்டு வான்னு சொல்லல, போன்னாங்க. எப்ப திரும்பி வரணும்னு கேட்டேன். வெத்தலைப் பெட்டியை எடுத்துக்கினு உள்ள போயிட்டாங்க.

உன்மேல கோவம் இல்லைண்ணா. களைப்பாத்தான் கீது. அம்மாகிட்ட இப்போதைக்குப் பிரசவத்துக்கு வர்றேன்னு மட்டும் சொல்லு.

வரும்போது பெரிய பெட்டியா ஒண்ணு எடுத்துக்கினு வா. நிக்காஹுக்கு எடுத்த துணியையும் கொண்டுபோகச் சொல்லிட்டாங்க.

ஷாஹீதா