துணியில்லாமல் ஓடும் மெஷின்

வியாழன் இரவு

அண்ணனுக்கு,

அன்புள்ள என்று தொடங்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். கை வரவில்லை. நீ நலம் என்பதைப் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டேன். நாங்கள் எப்படி இருக்கிறோம் என்பதுதான் உன் ஐந்தாவது பாட்டிலேயே இருக்கிறதே.

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். அப்பா தினமும் என் போனை வாங்கிப் பார்ப்பதால் காகிதம். நாளை இடைவேளையில் என் சிநேகிதி இந்தப் பக்கங்களைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். பதிலை அவளுக்கே அனுப்பு. பள்ளி விடுகிற நாலு மணிக்குள். என் எண்ணுக்கு அனுப்பித் தொலைக்காதே.

முதலில் விஷயம். செவ்வாய்க்கிழமை உன் ஆல்பம் அப்பாவின் காரில் ஓடியிருக்கிறது. ஸ்டியரிங்கைத் தொட்டாலே நடுங்குகிற ஒரு நர்ஸ் அக்காவுக்கு அவர் இப்போது ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். பாட்டு கேட்டால் பயம் குறையும் என்று அந்த அக்கா சொன்னதற்கு, “உனக்கு எது வசதியோ அதப் போடும்மா” என்றாராம். டிரைவிங் ஸ்கூலில் அப்பாவைப் போலப் பொறுமைசாலி கிடையாது என்றுதான் பெயர். மூன்று பாட்டு முடிவதற்குள் பாட நேரம் முடிந்துவிட்டது. சாப்பிடும்போது சொன்னார்: “ஆணின்னு எவனோ ஒருத்தனாம். பாட்டு பூரா தையல் மெஷின் சத்தம். நம்ம வீட்டு மெஷின் மாதிரியே இருக்கு.” சொல்லிவிட்டுச் சிரித்தார். அம்மா தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். டம்ளர் நிரம்பி மேசையெல்லாம் வழிந்தது.

அடுத்த பாடம் சனிக்கிழமை காலை ஏழரைக்கு. நர்ஸ் அக்கா விட்ட இடத்திலிருந்துதானே போடுவார்? நாலாவது பாட்டு. அப்புறம் ஐந்தாவது.

ஆணி என்று பேர் வைத்துக்கொண்டு நீ தப்பித்துக்கொண்டாய். நான் எங்கே போவேன்?

நான் பெருமைப்பட்டதை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. உன்னோடு வாசித்த மூன்று பேரும் “இது பாட்டா, வீடு இடிக்கிற சத்தமா” என்று கேட்டுவிட்டுப் போனதையும், இனி எல்லாக் கருவியையும் நீ ஒருத்தனே வாசிக்கப்போவதையும், வாடகை அறையின் சுவர்களில் மூன்று மெத்தைகளை நிறுத்தி வைத்துப் பதிவு செய்வதையும் நீ எனக்குத்தான் எழுதினாய். வீட்டுச் சத்தங்கள் வேண்டும் என்று என்னிடம்தான் கேட்டாய். நீ விட்டுப்போன சிம் இல்லாத பழைய போனைப் பொத்தான் டப்பாவுக்குள் ஒளித்து வைத்துப் பதிவு செய்தேன். சொட்டுகிற குழாய், கிறீச்சிடும் அலமாரிக் கதவு, அப்பாவின் சாவிக்கொத்து, அம்மா சீருடை தைக்கிற சத்தம். பத்தொன்பது பதிவுகள். சிநேகிதி வீட்டிலிருந்து எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு, ஆல்பம் அட்டையில் என் பேரும் வர வேண்டும் என்று வேறு அடம் பிடித்தேன். நீயும் போட்டாய். ‘வீட்டு ஒலிகள்: சில்வண்டு.’

அந்தப் பேரை எனக்கு வைத்தது யார் என்று மறந்துவிட்டதா? ஓயாமல் பேசுகிறேன் என்று அப்பா வைத்தது. இந்த உலகத்தில் என்னை அப்படிக் கூப்பிட மூன்று பேர்தான் இருக்கிறீர்கள்.

பதினேழாவது பதிவை நிறுத்த மறந்தது என் தப்பு. ஒப்புக்கொள்கிறேன். மத்தியானம் தொடங்கியது, பேட்டரி தீரும்வரை டப்பாவுக்குள் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் முதல் ஐந்து நிமிஷம் மட்டும் கேட்டுப் பார்த்துவிட்டு அனுப்பினேன். நீ முழுவதையும், அப்பா வீட்டுக்கு வந்த பிறகு பேசியதையும் கேட்டிருக்கிறாய்.

அப்பா கத்த மாட்டார், கை நீட்டவும் மாட்டார். காரில் பேசுகிற அதே குரலில்தான் அம்மாவிடமும் பேசுவார். “பதறாம, மெதுவா, இன்னொரு தடவ சொல்லு. ‘நான் ஒண்ணுத்துக்கும் லாயக்கில்ல’ன்னு. ம். சத்தமா.” அவள் சரியாகச் சொல்லும்வரை விடமாட்டார். அப்போதெல்லாம் அம்மா மெஷினை மிதிப்பாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாது. நமக்கும் கேட்கக்கூடாது. துணி இல்லாமல் ஓடுகிற மெஷினுக்குச் சத்தமே வேறு. அது நம் இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரியும். நீ வீட்டில் இருந்தவரை அந்தச் சத்தம் கேட்டதும் என் காதுகளைப் பொத்துவாய்.

அந்தப் பதிவைக் கேட்டதும் நீ சிநேகிதியின் போனில் எங்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும். வேண்டாம், “பாத்துக்க” என்று ஒரு வரி அனுப்பியிருக்கலாம். நீ என்ன செய்தாய்? டிரம்ஸ் சேர்த்தாய். அம்மாவின் மெஷினைத் தாளமாக்கி அதன் மேல் கிதாரை ஏற்றினாய். அப்பாவின் குரலைத் திரும்பத் திரும்ப வரவைத்தாய். பதிவில் அம்மா அதைச் சத்தமாகச் சொன்னது ஒரே தடவை. உன் பாட்டில் பதினான்கு தடவை சொல்கிறாள். எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

பத்திரிகையில் எழுதியிருப்பதை நீயும் படித்திருப்பாய். ‘குரல் உயர்த்தாமலே நடுங்க வைக்கும் அந்த நடிகர் யாரோ, அவருக்கு ஒரு விருது கொடுக்கலாம்.’ பேட்டியில் அவர் யார் என்று கேட்கிறார்கள். நீ சிரித்துக்கொண்டே “பேர் சொல்லக் கூடாதுன்னு அவர் கேட்டுக்கிட்டார்” என்கிறாய். எப்போது கேட்டுக்கொண்டார் அண்ணா? வாய் கூசவில்லையா உனக்கு? அந்த மெஷின் தாளத்தைத்தான் என் சிநேகிதி போனில் மணியாக வைத்திருக்கிறாள். யாராவது அவளைக் கூப்பிட்டால் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். “என்னடி, பாட்டு பிடிக்கலையா” என்று கேட்கிறாள்.

பாட்டு நன்றாக இருக்கிறது. அதுதான் எனக்கு ஆத்திரம். மோசமாக இருந்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்த இடத்தில் நிறுத்தி விளக்கை அணைத்தேன். அப்பா தண்ணீர் குடிக்க எழுந்தார். என் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். இப்போது நோட்டைப் போர்வைக்குள் வைத்து டார்ச்சில் எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

ஐந்தாவது பாட்டை எடுத்துவிடு. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். ஆனால் பாட்டு ஆப்பிலிருந்து எடுக்கச் சொன்னாலும் போக இரண்டு மூன்று நாளாகும் என்று சிநேகிதியின் அக்கா சொல்கிறாள். நர்ஸ் அக்கா ஏற்கெனவே போனில் இறக்கி வைத்திருந்தால் போகவே போகாதாம். அதனால் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் சனிக்கிழமை வரத்தான் போகிறது. தன் குரல் யாருக்காவது தெரியாமல் போகுமா? கேட்டு முடித்ததும் அந்த அக்காவை மெதுவாக, பதறாமல் வண்டியை ஓரம் கட்டச் சொல்வார். பிறகு வீட்டுக்கு வருவார். தன் குரலைப் பதிவு செய்தது யார் என்று அம்மாவிடம் கேட்பார். அம்மா என்னைக் காட்டிக் கொடுக்க மாட்டாள். தான் செய்ததாகச் சொல்வாள். எனக்குப் பயமே அதுதான்.

இன்று மாலை அப்பா வருவதற்குள் சிநேகிதி பழைய போனில் ஏற்றித் தந்த அந்தப் பாட்டை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். தெரியாமல் இருப்பதைவிடத் தெரிந்திருக்கட்டும் என்று தோன்றியது. மெஷின் முன்னால் உட்கார்ந்து, ஹெட்போனைக் காதில் மாட்டி, கடைசிவரை கேட்டாள். நான் உன்னைத் திட்டினேன். அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. “நான் இவ்வளவு வேகமாவா மிதிக்கிறேன்” என்று மட்டும் கேட்டாள். அப்புறம் தைத்து முடித்த சீருடைகளை மடித்துக் கட்டி, இரண்டு நாள் முன்னதாகவே பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். திரும்பி வந்து பார்த்தால் மெஷினுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறாள்.

படுக்கப் போகும்போது உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். மேசையை விட்டுவிட்டு மெஷினின் தலையை மட்டும் கழற்றினால் ஒரு ஆள் தூக்க முடியுமா, பஸ்ஸில் ஏற்ற விடுவார்களா என்று. கழற்றுவதற்கு எந்த ஸ்பேனர் என்று உனக்குத்தான் தெரியுமாம்.

நான் கேட்பது இன்னொன்று. எனக்கு உன் மேல் இருக்கிற கோபம் தீரவில்லை, நேரில் வந்தாலும் தீராது. உன் பாட்டை ஊரே கேட்கட்டும், நீ நன்றாக இரு. ஆனால் சுவரில் நிறுத்தி வைத்திருக்கிறாயே மூன்று மெத்தை, அதில் இரண்டை எடுத்துத் தரையில் போட்டு வை.

இப்படிக்கு,
உன் தங்கை
(அந்தப் பேரில் இனிமேல் கையெழுத்துப் போட மாட்டேன்.)