காது மிஷினில் பதிவான காற்று

காலடிப்பேட்டை,
பிப்ரவரி 2, ஞாயிறு

அன்புத் தங்கை உதயாவுக்கு,

அண்ணன் அன்பரசன் எழுதுவது. இங்கு நைனாவும் உன் அண்ணி ஜெயஸ்ரீயும் நானும் நலம். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தொலைபேசியில் நான் விவரம் சொல்லத் தொடங்கினால் “சரிண்ணா, வாங்கிடுண்ணா” என்று பாதியிலேயே முடித்துவிடுகிறாய். ஆகவே மின்னஞ்சலில் முழுக் கடிதமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படிக்கவும்.

நேற்று நைனாவை ராயபுரத்தில் உள்ள காது மிஷின் நிலையத்துக்கு அழைத்துச் சென்றேன். வாசலிலேயே எனக்கு மனம் ஒப்பவில்லை. நரைத்த தம்பதி இருவர் எதற்கென்று தெரியாமல் சிரித்துக்கொண்டிருக்கும் பெரிய படம். கேட்காமலே வந்த காபி. தராசுகளுக்கு முத்திரையிடும் ஆய்வாளனாக இத்தனை ஆண்டுகள் இருந்துவிட்டேன். கேட்காமலே காபி தந்த கடைகளில்தான் எடைக்கல் குறைந்திருக்கக் கண்டிருக்கிறேன். அதனால் சோதனைக்கு முன்பே, கேட்கும் திறனை அளக்கும் கருவி கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது என்பதற்குச் சான்றிதழ் கேட்டேன். ஐரீன் என்ற பெண்தான் அங்கே சோதனை செய்பவர். மறு பேச்சின்றி எடுத்துக் கொடுத்தார். தேதி சரியாக இருந்தது. அவ்வளவு கைக்கெட்டும் இடத்தில் அதை ஏன் வைத்திருந்தார் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.

நைனாவைக் கண்ணாடிக் கதவு போட்ட சிறு அறையில் உட்கார வைத்தார்கள். “இன்னாமா இது, மீன் பொட்டியாட்டம் கீது. ஐஸு ஒண்ணுதான் பாக்கி” என்றார். ஐரீன் சிரித்துவிட்டார். முடிவு நாம் அஞ்சியதுதான். விசைப்படகின் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே வாழ்நாளைக் கழித்த காதுகள். குரல் வருகிறது, சொல் பிரியவில்லை.

இரண்டு வகை காட்டினார். ஒன்று சாதாரணம். மற்றது நீ பிடிவாதம் பிடிக்கும் பிரீமியம். என்ன வேறுபாடு என்று கேட்டதற்கு, கூட்டத்திலும் வீசும் காற்றிலும் பிரீமியம் பேச்சைத் தனியே பிரித்துத் தரும் என்றார். என் தகப்பனார் கூட்டத்துக்கும் போவதில்லை, காற்றுக்கும் போவதில்லை என்று சொன்னேன். சென்ற ஆண்டு எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரியின் ஹாரன் கேட்காமல் அவர் நடுச்சாலையில் நின்றது உனக்கு நினைவிருக்கும். அன்று முதல் தனியே சாலையைக் கடக்கக் கூடாது என்பது இந்த வீட்டின் விதி. நீயும் சம்மதித்த விதி. வீட்டுக்குள் இருப்பவருக்குக் காற்றைப் பிரிக்கும் கருவி எதற்கு?

ஐரீன் வாதாடவில்லை. பிரீமியத்தையே இரண்டு வாரம் போட்டுப் பார்க்கட்டும், கட்டணம் இல்லை, பிறகு முடிவு செய்யுங்கள் என்றார். கட்டணம் இல்லை என்றதும் என் ஐயம் இரட்டிப்பாயிற்று. துருவிக் கேட்டதில் ஒன்று தெரிந்தது. தினமும் எவ்வளவு நேரம் காதில் இருந்தது, அப்போது சுற்றிலும் அமைதியா, பேச்சா, இரைச்சலா என்பதை அந்த மிஷின் குறித்து வைத்துக்கொள்கிறதாம். வீட்டில் பேசுவதை ஒட்டுக் கேட்குமா என்று கேட்டேன். சொற்களைச் சேமிக்காது, ஒலியின் வகையை மட்டுமே குறிக்கும் என்று சொன்னார். அதை எழுதி வாங்கிக்கொண்டேன்.

ஒருவகையில் இது நமக்கு வசதிதான். நைனா அதைப் பெட்டியில் பூட்டிவிட்டு, நான் வரும்போது மட்டும் மாட்டிக்கொள்வார் என்பது என் கணிப்பு. உன் பணம் பெட்டிக்குள் கிடக்க நான் விட மாட்டேன்.

அன்புடன்,
அண்ணன் அன்பரசன்


காலடிப்பேட்டை,
பிப்ரவரி 16, ஞாயிறு

அன்புத் தங்கை உதயாவுக்கு,

உன் பதில் கிடைத்தது. “நீ நைனாவுக்குப் புள்ளையா, இல்ல அவரு மேலயே முத்திர குத்த வந்த ஆபீசரா?” என்று கேட்டிருந்தாய். கேலியைப் பெற்றுக்கொண்டேன். மாப்பிள்ளையின் விசா புதுப்பிப்பு முடிந்ததில் மகிழ்ச்சி. ஜெயஸ்ரீ பள்ளித் தேர்வுத் தாள்களோடு இருக்கிறாள். ஊறுகாய் அடுத்த வாரம் அனுப்புவாளாம்.

இரண்டு வாரமும் நைனாவைக் கவனித்தேன். நாங்கள் இருவரும் காலையில் கிளம்பும்போது மிஷின் காதில் இருக்கும், திரும்பும்போதும் இருக்கும். இடைப்பட்ட நேரத்தைத்தான் நான் நம்பவில்லை. ஒருநாள் அவர் செருப்பில் மணல் இருந்தது. பக்கத்து மனையில் வீடு கட்டக் கொட்டியிருக்கும் மணல் என்று எண்ணி விட்டுவிட்டேன். பார்த்ததைச் சரியாகப் பார்க்கவில்லை.

நேற்று ராயபுரம் சென்றோம். ஐரீன் மிஷினைக் கணினியோடு இணைத்தார். திரையில் நாள்வாரியாக வண்ணப் பட்டைகள். முதல் செய்தியே என் கணிப்பைப் பொய்யாக்கியது: காலை முதல் படுக்கும் வரை நைனா அதைக் கழற்றவே இல்லை. அதன் பிறகு ஐரீன் பேசத் தயங்கினார். எதையோ மறைக்கிறார் என்று பட்டதால், முழுவதும் விளக்க வேண்டும் என்று வற்புறுத்தினேன்.

நீலம் என்றால் அமைதியாம். பட்டை பெரும்பாலும் நீலமாகவே இருந்தது. பகலில் இருக்கட்டும், மாலையில் நாங்கள் வீட்டில் இருக்கிறோமே, அப்போதும் ஏன் நீலம் என்று கேட்டேன். “இருக்கீங்க சார். பேச்சுதான் இல்ல” என்றார்.

உதயா, அவர் சொன்னது உண்மை. நைனாவுக்குக் காது மந்தமான நாளிலிருந்து நாங்கள் அவரிடம் கையால் பேசுகிறோம். வாயருகே கை குவித்தால் சாப்பாடு. தலையில் நீர் ஊற்றுவதுபோல் காட்டினால் குளியல். மிஷின் வந்த பிறகும் எங்கள் கைகள் நிற்கவில்லை. யாருக்கும் அது தோன்றவில்லை.

நீலத்துக்கு நடுவே, சனி ஞாயிறு நீங்கலாக எல்லா நாளும் பிற்பகலில் ஒரு பச்சைத் துண்டு இருந்தது. அது என்ன என்றேன். பேச்சு, கூடவே பலத்த காற்று என்றார். எனக்குப் பிடி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் காற்று இல்லை. மின்விசிறிக்கு அப்படிப் பதிவாகாது என்று அவரே ஒப்புக்கொண்டார். அப்படியானால் இது வேறு யாருடைய காதின் கணக்கு? காற்றில் கேட்கும் கருவியை விற்பதற்காக அறிக்கையில் காற்றை நுழைத்திருக்கிறீர்கள், எழுத்து மூலம் புகார் தருவேன் என்று சொன்னேன். என் குரல் உயர்ந்துவிட்டது. அந்தப் பெண்ணின் முகம் சிவந்துவிட்டது.

அப்போதுதான் நைனா வாய் திறந்தார். “டேய் அன்பு, அந்தப் பொண்ண இன்னாத்துக்குடா மெரட்டுற? அந்தக் காத்து என்னுதுடா.”

விதி போட்ட மறுவாரத்திலிருந்தே போய்க்கொண்டிருக்கிறாராம். விரைவுச் சாலையைத் தாண்டி, அலை அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கல்லின் மேல், பழைய படகுக்காரர்களோடு உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் வீட்டில் இருக்கும் நாட்களில் மட்டும் போவதில்லை. காது கேட்காமல் அங்கே என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். “அவனுங்க சிரிச்சா நானும் சிரிப்பேன். இப்பதான் இன்னாத்துக்கு சிரிக்கிறானுங்கன்னே புரியுது. பாதிக்குப் பாதி என்ன வெச்சுதான் ஓட்டிகினு கீறானுங்க, பேமானிங்க” என்றார். ஐரீன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அது முறை.

பிறகு எதை வாங்கலாம் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “வீட்டுக்குள்ளயே இருப்பாருன்னா சாதாரணமே போதும் சார். அதுக்கே வேல இருக்காது.” இதில் வியாபாரத் தந்திரம் எங்கே என்று வீடு வரும்வரை தேடினேன். விலை கூடிய பொருளை அவர் விற்க மறுக்கிறார். தந்திரம் அகப்படவில்லை.

ஆகவே கேள்வி இப்படி நிற்கிறது. சாதாரணத்தை வாங்கினால் விதி நிற்கும். பிரீமியத்தை வாங்கினால், அவர் சாலையைக் கடப்பதற்கு நானே கையெழுத்திட்டதாக ஆகும். அந்த லாரியை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. மறுபடி ஒரு தொலைபேசி அழைப்பு வந்தால் உனக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

நேரில் பார்க்காமல் முடிவெடுப்பதில்லை என்று இன்று அவரோடு நானே போனேன். சாலையோரத்தில் நான் காலை எடுத்து வைத்துவிட்டேன்; அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். “இர்றா, பின்னால ஒண்ணு வர்து.” நின்றிருந்த வண்டிகளின் மறைவிலிருந்து ஒரு டிரெய்லர் வந்து கடந்து போயிற்று. நான் அதைப் பார்க்கவில்லை. அவர் கேட்டிருக்கிறார்.

கல்லின் மேல் இருந்தவர்கள் என்னைக் கண்டதும் “இன்னா தேசப்பா, ஆபீசரையே இட்டாந்துட்ட? எவன்னா தராசு வெச்சினுகீறீங்களா, ஒளிச்சிடுங்கப்பா” என்று கத்தினார்கள். காற்று காதை அடைத்தது. எனக்கே பாதி கேட்கவில்லை. நைனா ஒருவருக்கும் விடாமல் பதில் கொடுத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பேசுகிற மனிதர் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

ஐரீனிடம் பிரீமியத்தையே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன். விதியையும் திருத்தினேன்: போகும் நாளில், நாங்கள் காலையில் கிளம்பும் முன் என்னிடமோ ஜெயஸ்ரீயிடமோ வாயால் சொல்லிவிட்டுப் போக வேண்டும்; நாங்களும் வாயால்தான் பதில் சொல்ல வேண்டும். “பேஜாரு புடிச்ச ரூலு” என்றார். ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

ஒன்று உன்னிடம் சொல்லியாக வேண்டும். திரும்பி வரும்போது நைனாவே சொன்னது. நீ ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போனில் எது கேட்டாலும் “நல்லா கீறேம்மா” என்று சொல்வாரல்லவா? இத்தனை நாளும் நீ என்ன கேட்டாய் என்பதே அவருக்குத் தெரியாதாம். உன் குரல் நின்ற இடம் பார்த்து அதைச் சொல்லி வந்திருக்கிறார். இனி மிஷினைப் போனோடு இணைத்துவிடுவேன்; தொலைபேசிப் பேச்சு நேரே அவர் காதுக்குள் போகும்.

ஆகவே வரும் வெள்ளிக்கிழமை அதே கேள்விகளை முதலிலிருந்து மறுபடி கேள். சாப்பிட்டீர்களா, தூக்கம் வருகிறதா, அண்ணன் நன்றாகப் பார்த்துக்கொள்கிறானா, எல்லாவற்றையும். அவசரப்படாமல் கேள். பதில் வேறாக இருந்தால் என்னிடம் மறைக்க வேண்டாம்.

நீயும் உன் வீடும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
தே. அன்பரசன்