காவேரிச் செம்பு

ஸ்ரீரங்கம்
12-1-1965

குழந்தாய், பெருமாள் உன் பக்கத்திலேயே இருக்கட்டும்.

உன் ஆஸ்பத்திரியிலிருந்து தந்தி வந்தது. அம்மாவிடம் பாதிதான் சொன்னேன். பயிற்சிக்குப் போன இடத்தில் இப்படிப் படுத்துவிட்டாயேடா! செக்கோஸ்லோவாகியாவுக்கு நானே வருகிறேன். பத்தே நாளில் வந்துவிடுவேன். திருவெறும்பூர் தொழிற்சாலையில் உன்னோடு இருந்த செக் இன்ஜினீயர் தன் கம்பளிக் கோட்டைக் கொடுத்தார். அதன் கை என் விரல்களைத் தாண்டித் தொங்குகிறது. பரவாயில்லை.

கடல் தாண்டியவன் பெருமாளுக்குத் தீர்த்தக் குடம் சுமக்கக் கூடாது. உன் சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணா, தலைமுறை தலைமுறையா வந்த கைங்கரியம். யோசிங்கோ."

யோசிக்கவில்லை. குடத்தை அவனிடமே கொடுத்துவிட்டேன்.

அம்மா உன் பட்டுக்கரை வேஷ்டியைப் பெட்டியில் வைத்தாள். "வரச்சே ரெண்டு பேரும் சேர்ந்துதானே வருவேள்?" என்றாள். கோட்டில் ஒரு பொத்தான் அறுந்திருக்கிறது, தைத்துக் கொடு என்றேன்.

இன்று காலை காவேரியில் ஒரு சின்னச் செம்பை நிரப்பி, கங்கை ஜலம் அடைத்து வரும் காசிச் செம்பு மாதிரி ஈயம் வைத்து வாயை அடைத்து வாங்கி வந்தேன். அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அங்கே தண்ணி இல்லையாமா?" என்றாள்.

"அவனுக்கு நம்ம தண்ணிதான் பிடிக்கும்" என்றேன்.

இனி நான் சுமக்கும் தண்ணீர் உனக்குத்தான். நான் வந்து சேரும்வரை கண்ணை மூடிவிடாதே.

உன் அப்பா