சிவப்புத் துண்டு

மாரிகுப்பம்
12-2-1968

அன்பு மகன் சித்தார்த்தனுக்கு அம்மா எழுதுவது.

நான் இருக்கிறேன். நலம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். அப்பாவை அடக்கம் செய்துவிட்டுப் பம்பாய் போய்ச் சேர்ந்தவன் ஒரு கார்டு போட்டாய். அதில் மொத்தமே நான்கு வரி. பேனாவில் மை தீர்ந்துவிட்டதா?

முன்பெல்லாம் அப்பாவுக்கு இருமல் வந்தால் என் தூக்கம் கெடக்கூடாதென்று வாசலுக்குப் போய் இருமுவார். நானும் தூங்குகிறவள்போல் படுத்திருப்பேன். இப்போது சத்தமே இல்லை, தூக்கமும் இல்லை. அவர் ஷிப்டுக்குக் கட்டிக்கொண்டு போகும் சிவப்புத் துண்டைத் துவைத்துக் கொடியில் போட்டேன். எவ்வளவு கசக்கினாலும் தங்க மைன்ஸ் சேறு போகவில்லை.

டைம் ஆபீஸ் எட்மண்ட் வந்திருந்தார். "இன்னாமா பண்றது, வேலை செய்றவங்களுக்குத்தான் கம்பெனி லைன் வூடு. முனியப்பன் எடத்துல உங்க பையன் எறங்கினா நீங்க இங்கயே இருக்கலாம். மார்ச் கடைசிக்குள்ள சொல்லுங்க" என்றார். நல்ல மனுஷன், என் முகத்தைப் பார்க்காமலே பேசினார். உன்னிடம் மறைக்கக் கூடாதென்று எழுதுகிறேன். வா என்று எழுதவில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அம்மா
சுலோச்சனா


பம்பாய்
19-2-1968

அன்புள்ள அம்மாவுக்கு,

மை இருக்கிறது அம்மா. எழுதத்தான் வரவில்லை.

உங்களை இங்கே கூட்டிவர எனக்கு வழியில்லை. ஒரே அறையில் ஆறு ஆண்கள் படுக்கிறோம். அதனால் நான் அங்கே வருகிறேன். பட்டறை வேலையை விடுகிறேன் என்று ஃபோர்மனிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்பா இடத்தில் இறங்குகிறேன் என்று எட்மண்ட் சாரிடம் சொல்லிவிடுங்கள்.

சின்ன வயதில் லைனில் எல்லாப் பையன்களும் அவரவர் அப்பாவின் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு விளையாடுவார்கள். எனக்கு மட்டும் கிடையாது. அப்பா வீட்டுக்கு வந்ததும் எனக்கு எட்டாத ஆணியில் மாட்டிவிடுவார். அப்போது அவர்மேல் அவ்வளவு கோபம் வரும். இப்போது அது என் தலைக்குச் சரியாக இருக்கும்.

உங்கள் மகன்
சித்தார்த்தன்


மாரிகுப்பம்
26-2-1968

என் கண்ணு சித்தார்த்தனுக்கு,

வேண்டாம் என்றுதான் நான் எழுதியிருக்க வேண்டும். ஆனால் உன் கடிதத்தைப் படித்ததும் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்து வீட்டு வெங்கடம்மாவிடம் போய்ப் படித்துக் காட்டினேன். "எங்க துரை ஷிப்டுக்கு உன் மவனும் போவட்டும். ரெண்டு பேரும் சேர்ந்து போய் சேர்ந்து வருவாங்க, இன்னா சொல்ற?" என்றாள். அவளுக்குத் தன் பிள்ளை துரைதான் உலகம்.

வாசல் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். புத்தர் படத்துக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு விளக்கேற்றினேன். எட்மண்டிடமும் சொல்லியாகிவிட்டது. எப்போது வருகிறாய்?

அம்மா


பம்பாய்
5-3-1968

அன்புள்ள அம்மா,

28-ஆம் தேதி ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். மாதக் கடைசியில்தான் ஃபோர்மன் என்னை விடுவிப்பாராம். அதுவரை என் ராஜினாமாக் காகிதத்தில் கையெழுத்துப் போட மாட்டாராம். நல்ல வேலையை விட்டுவிட்டுப் போகிறாயே என்று தினமும் திட்டுகிறார். அவருக்கு நம் வீட்டைப் பற்றி என்ன தெரியும்?

அந்த ஹெல்மெட்டைத் துடைத்து வையுங்கள்.

சித்தார்த்தன்


பூதிகோட்டை
21-3-1968

சித்தார்த்தா,

நீ ரயில் ஏறுவதற்குள் இது உன் கைக்குக் கிடைக்க வேண்டும். மேலே இருக்கும் ஊர்ப் பெயரைப் பார்த்துப் பதறாதே. உட்கார்ந்து படி.

திங்கட்கிழமை காலையில் ஏர் பிளாஸ்ட். கீழே பாறை வெடித்து வீடெல்லாம் ஆடியது. பாத்திரங்கள் உருண்டன. அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடினேன். ஷாப்ட் கேட்டில் வழக்கம்போல் பெண்கள் கூட்டம். சுரங்கத்திலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கேஜ் மேலே வர வர ஆண்கள் இறங்கினார்கள். எல்லா முகமும் ஒரே சேறு. நான் சிவப்புத் துண்டைத் தேடினேன். கூட்டத்தில் எனக்கு அடையாளம் தெரியட்டும் என்றுதானே அப்பா அதைக் கட்டிக்கொண்டு போவார்? மேலே வந்ததும் அவிழ்த்து எனக்கு ஒருமுறை ஆட்டிக் காட்டிவிட்டுத்தான் குளிக்கவே போவார்.

துரை வந்தான். வெங்கடம்மா அவனைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுக் கூட்டிப் போனாள். மற்றவர்களும் போனார்கள். நான் அடுத்த கேஜுக்காக நின்றேன். "எல்லாரும் மேல வந்துட்டாங்கம்மா. நீங்க யாருக்கு நிக்கறீங்க?" என்று வாட்ச்மேன் கேட்டான். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. துண்டு வீட்டுக் கொடியில் இருந்தது.

திரும்பி நடக்கும்போது, இனி இந்த கேட்டுக்கு ஓடிவர வேண்டியதில்லை என்று நினைத்தேன். அப்பா போனதிலிருந்து அன்றைக்குத்தான் கொஞ்சம் மூச்சு விட்டேன். உடனே நீ வரப்போவது நினைவு வந்தது. அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா அந்த ஹெல்மெட்டை எட்டாத ஆணியில் மாட்டியது நான் இறக்கி உன் கையில் கொடுப்பதற்காக இல்லை. நீ வந்து நின்றால் எனக்கு மறுபடி மனம் இளகிவிடும். அதனால் மறுநாளே வீட்டைக் காலி செய்து, சாவியையும் ஹெல்மெட்டையும் எட்மண்டிடம் கொடுத்துவிட்டேன். துண்டைத் துரைக்காக வெங்கடம்மாவிடம் கொடுத்தேன். "அண்ணன் துண்டு எனக்கு எதுக்கு" என்று வாங்க மறுத்தாள். "நீ உன் புள்ளையத் தேட வேணாவா?" என்று அவள் கையில் திணித்தேன்.

இங்கே வெங்கடம்மாவின் தங்கை வீட்டுப் பின்னறையில் இருக்கிறேன். பட்டுப்பூச்சி வளர்க்கிறார்கள். நான் இலை பறித்துப் போடுகிறேன். ராத்திரியெல்லாம் புழுக்கள் இலை தின்கிற சத்தம் கேட்கிறது. கொஞ்சம் தூக்கமும் வருகிறது. தனிமைதான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். முனியப்பன் சம்சாரம் என்று என்னைக் கூப்பிட இந்த ஊரில் ஆள் இல்லை.

உன் ஃபோர்மனிடம் போய் அந்தக் காகிதத்தைத் திரும்ப வாங்கு. திட்டினால் வாங்கிக்கொள்.

லீவு கிடைக்கும்போது வா. மாரிகுப்பத்துக்கு டிக்கெட் எடுக்காதே, பங்காரப்பேட்டையிலேயே இறங்கு. நான் ஸ்டேஷனில் நிற்கிறேன். எவ்வளவு கூட்டம் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். உன் முகத்தில் சேறு இருக்காது.

அம்மா