எலுமிச்சைச் சாறும் இரண்டு கோடும்

பண்டார் தெங்காரா,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள புனிதாவுக்கு,

நானும் மகளும் நலம். தைப்பிங்கில் நீயும் பிள்ளையும் அத்தையும் நலமா? பத்தியச் சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

நடந்தது ஒன்றைச் சொல்கிறேன், பயப்படாதே. போனில் சொன்னால் அத்தை காதில் விழுந்து சிரிப்பார்கள். இப்போது பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கொரோனா எச்சில் சோதனை செய்து, படத்தை வகுப்பாசிரியைக்கு அனுப்பிய பிறகுதான் பள்ளிக்குப் போகலாம். நேற்றுக் காலை நம் தர்ஷினிக்கு இரண்டு கோடு வந்துவிட்டது, தொற்று இருக்கிறதாம். பள்ளிக்கு அனுப்பாதீர்கள் என்றார்கள். அவள் அழுதது பள்ளிக்காக இல்லை.

"அப்ப லீவுக்குத் தம்பியப் பாக்கப் போக முடியாதாப்பா?"

பிறகு ஆசிரியைதான் போனில் கேட்டார்.

"காலையில புளிப்பா ஏதும் குடுத்தீங்களா?"

"எலுமிச்சை ஜூஸ், டீச்சர். கிருமி அண்டக்கூடாதுன்னு ரெண்டு பழம் பிழிஞ்சேன்."

"அலமாக்! புளிப்பு பட்டா சும்மாவே ரெண்டு கோடு காட்டும். சோதனைக்கு முன்னால ஒண்ணும் குடுக்கக்கூடாதுன்னு டப்பாவுலயே போட்டிருக்கு லா! எதுக்கும் கிளினிக்ல காட்டுங்க."

ஆலையில் மெஷின் குறிப்பையெல்லாம் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டுகிறவன் நான்! கிளினிக்கில் மூக்கில் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. இன்று பள்ளிக்குப் போய்விட்டாள்.

சடை பின்னுவதை வீடியோ எடுத்து அனுப்பு. நான் பின்னினால் பள்ளி வாசலிலேயே அவிழ்ந்துவிடுகிறது. தம்பி அழுவதையும் கொஞ்சம் எடுத்து அனுப்பு. அவள் போய்விட்டால் வீட்டில் சத்தமே இல்லை.

ஆலை வேன் ஹார்ன் அடிக்கிறது. லீவு விட்டதும் இருவரும் வருகிறோம். கிளம்பும் அன்று எலுமிச்சையைத் தொடமாட்டேன்.

உன்,
குமரேசன்