துரையின் பென்டிரைவ்

6.10.2025, திங்கள்
பதினைந்தாம் தேதி காலை பத்து மணிக்கு வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஆன்லைன் தேர்வு. பழைய புத்தகங்களை வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து தரும் வேலை. நான் தட்டச்சு செய்துவந்த டிடிபி கடையை மூடியபின் எட்டு மாதமாகச் சும்மா இருக்கிறேன். இது எனக்கு வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பழைய விண்டோஸ் ஆகாதாம். புதியதை எங்கள் கிழட்டுக் கம்ப்யூட்டர் தாங்காது. வேலை தரும் கம்பெனியில் இருக்கும் ஷிஜி, "விண்டோஸுக்குப் பதிலா உபுண்டு போடுங்கக்கா, இலவசம், பழைய கம்ப்யூட்டருக்கு அது போதும்" என்றாள்.
வீட்டுக்காரர் துரை, "கடையில குடுத்துடு மே" என்றார். மாட்டேன். நானே போடுவேன்.

8.10
மணலி புதுநகரில் ஷிஜி வீட்டுக்குப் போனேன். அவள் லேப்டாப்பில் உபுண்டுவை இறக்கி, நான் கொண்டுபோன பென்டிரைவில் ஏற்றினோம். அதைச் செருகிக் கம்ப்யூட்டரைப் போட்டால் அதிலிருந்தே கிளம்புமாம். 'இதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும்' என்று வந்தது. ஓகே தட்டினேன்.
திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் உறைத்தது. துரையின் ஷேர் ஆட்டோவிலிருந்து உருவி வந்த பென்டிரைவ். அவர் ஆறு வருஷமாகச் சேர்த்த பாட்டு! அய்யோ மதி, இன்னா காரியம் பண்ணிக்கினே?

9.10
சொல்லவில்லை. "எவனோ சவாரி லவட்டிக்கினு பூட்டான்" என்று அவரே முடிவு கட்டிவிட்டார். நானும் "இருக்கும்" என்றேன். பாவி நான்.
கம்ப்யூட்டர் பென்டிரைவை மதிக்கவே இல்லை. முன்பக்கத்து இரண்டு துளையிலும் செருகினேன். இறுக்கமாகப் போனது. பழைய விண்டோஸே எழுந்து உட்கார்ந்தது.

11.10
மறுபடி மணலி. மறுபடி ஏற்றினோம். ஷிஜி லேப்டாப்பில் அழகாக ஓடுகிறது. என் வீட்டில் செத்த பாம்பு.

13.10
"ஆட்டோவா இது, துக்க வூடா?" என்று சவாரிகள் கேட்கிறார்களாம். "பேஜாரா கீது மே" என்றபடி சாப்பிட்டார். பாட்டும் போச்சு, வேலையும் போகப்போகிறதா?

14.10
பின்பக்கத்து இரண்டு துளைகளில் கீபோர்டும் மவுஸும். மவுஸைப் பிடுங்கி முன்னால் செருகினேன். அதுவும் செத்தது! செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தால், முன்துளைகளுக்குள்ளே மஞ்சளாகக் காய்ந்து கிடக்கிறது. சந்தனம்.
ஆயுத பூஜைக்கு ஆட்டோ, மிக்ஸி, குக்கர் மூடி என்று ஒன்றுவிடாமல் பொட்டு வைத்தவர் துரை.
"இங்கயா வெப்பாங்க?"
"கண்ணு மாதிரி ரெண்டு இருந்துச்சி மே. அதுலயே வெச்சேன்."
கத்து கத்தென்று கத்தினேன். கத்திக்கொண்டே பென்டிரைவைப் பின்னால் மாட்டினேன். அவர் அதை உற்றுப் பார்த்தார். எனக்குக் குரல் அடங்கிவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன்.
"எழுநூத்திப் பன்னெண்டு பாட்டு" என்றார். பிறகு, "சரி, இப்பனாச்சும் ஓடுதா பாரு."
ஓடியது! உபுண்டு திரை வந்ததும், "கற்பூரம் காட்டட்டா?" என்கிறார். போய்யா! அரைமணியில் ஏறிவிட்டது. முன்துளைகளைப் பஞ்சுக்குச்சியால் அவரே சுத்தம் செய்தார்.

15.10
எழுதினேன். கம்ப்யூட்டர் ஒரு தடவைகூடப் படுக்கவில்லை.

24.10
கிடைத்துவிட்டது. கிடைத்துவிட்டது!

27.10, திங்கள்
ஷிஜி தந்த பாட்டுகளைப் பென்டிரைவில் நிரப்பிக்கொண்டு தேரடி ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனேன். துரையின் ஆட்டோ நின்றது. கூட்டத்தோடு பின்சீட்டில் ஏறினேன். அவர் பார்க்கவில்லை, பேசிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கூடைக்காரம்மா, "பாட்டு நின்னதுலேர்ந்து அவுரு வூட்டம்மா கதைதான்" என்றாள் என்னிடம். "கம்ப்யூட்டர் பொட்டியப் பிரிச்சி மேஞ்சி, தானே சரி பண்ணிச்சாம். தெனம் கேக்கறன், அலுக்கல."
"வேல கெட்ச்சுதா நைனா?" என்றார் முன்னால் ஒருவர்.
"கெட்ச்சிட்ச்சி!" என்று துரை ஹாரனை அழுத்தினார்.
டோல்கேட் நிறுத்தம் வந்ததும் காசைக் கூடைக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு அவர் கண்ணில் படாமல் இறங்கிக்கொண்டேன். பென்டிரைவ் பையிலேயே இருக்கிறது. நாளைக்குக் கொடுத்துக்கொள்ளலாம்.